பதினோராவது நாற்காலி

அத்தியாயம் 17

கடைசி மூலையில் சொடுக்கியதும் ஹால் முழுவதும் நீலமாகிவிட்டது.

"அலமாக்!" என்று பதறினாள் பேட்ரிசியா. வீட்டில் அதைக் கேட்க யாரும் இல்லை.

சனிக்கிழமை காலை மணி ஒன்பதரை. மலேசியாவின் ஸ்கூடாயில் மூன்று அறை உள்ள அந்த வீட்டில் ஓர் அறையில்தான் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஏழு மணியிலிருந்து அவள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மகள் சமந்தாவுக்குக் கல்யாணம். காலையில் தேவாலயத்தில் திருப்பலி, சாயங்காலம் ஜொகூர் பாரு ஹாலில் விருந்து. பத்துப் பேர் உட்காரும் வட்ட மேசைகள் முப்பத்தெட்டு. யார் எந்த மேசை என்ற வரைபடத்தை ஹால்காரர்களே போட்டுத் தருவார்கள். "வேணாம், நானே பண்றேன்" என்று போன வாரம் பேட்ரிசியா அவர்கள் வாயை அடைத்ததை நாம் பார்த்தோம். முப்பத்தொரு வருடம் லாயர் ஆபீசில் டைப் அடித்தவள். இன்னொருவர் அடித்த தாளில் அவளுக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது.

அந்தப் பிடிவாதத்தின் பலனைத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருந்தாள். ஹால் சதுரமாக இருந்தால் தயாராக இருக்கும் கட்டத்தை இழுத்து வைத்துவிடலாம். அதுவோ ஒரு பக்கம் மடங்கி, சமையலறைக்கு இடம் விட்டு, நடுவில் தூணுக்காக ஒதுங்கி, மொத்தம் பதினான்கு மூலைகளோடு இருந்தது. ஹாலில் வேலை செய்யும் கஸ்தூரி அனுப்பிய மங்கலான படத்தை வேர்டில் போட்டு, அதன் மேல் ஃப்ரீஃபார்ம் கோட்டால் மூலைக்கு மூலை சொடுக்கிக்கொண்டே வந்தாள். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து தொட்டதும், உருவம் மூடிவிட்டது, இனி நிரப்ப வேண்டியதுதான் என்று கணினி முடிவு செய்துவிட்டது. தூண், மேடை, வாசல் எல்லாம் நீலத்துக்கு அடியில் போய்விட்டன.

போனில் சமந்தாவைக் கூப்பிட்டாள். மகள் சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் மருந்தாளர். வாரம் முழுவதும் அங்கே வாடகை அறை, சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து பாலம் தாண்டி வீட்டுக்கு வருவாள். அடுத்த வாரத்திலிருந்து அந்த வருகையும் இருக்காது.

"மா, அந்த ஷேப்பை ஒரு கிளிக் பண்ணுங்க. மேல ஃபில்னு இருக்கும். அதுல நோ ஃபில் அமுக்குங்க."

"நோ ஃபில்னா எல்லாம் அழிஞ்சிடாதா? ரெண்டு மணி நேரமா வரைஞ்சது இது."

"அழியாது லா. ஓரத்துல கோடு இருக்கும். உள்ளுக்குத்தான் ஒண்ணும் இருக்காது."

அமுக்கினாள். நீலம் போய் மேடையும் தூணும் திரும்பி வந்தன.

"ஆ, வந்திருச்சு. சரி, வேலையப் பாரு."

"மா, இருங்க. லிஸ்ட்டுல கடைசி பேரு பாத்தீங்களா?"

பேட்ரிசியா வியாழக்கிழமையே பார்த்துவிட்டாள். கடைசி வரி: கில்பர்ட், ஒரு ஆள். அவரோடு முந்நூற்று எண்பது பேர். இரண்டு வாரத்துக்கு முன் தோழியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு சமந்தா ரெங்கம் ஊருக்குப் போய் அப்பாவிடம் கல்யாணக் கார்டைக் கொடுத்துவிட்டு வந்தது நமக்குத் தெரியும். பேட்ரிசியாவுக்கு அந்த வியாழக்கிழமைதான் தெரிந்தது.

"பாத்தேன்."

"அப்பாவ முதல் மேசையில போடுங்க மா. ப்ளீஸ்."

"வர்றேன்னாரா?"

சமந்தா கொஞ்சம் தயங்கினாள். "பார்ப்போம்னாரு."

பேட்ரிசியா சிரித்தாள். கேட்பவருக்கு வலிக்கிற சிரிப்பு அது.

"அவரு பார்ப்போம்னு சொன்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

கில்பர்ட் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. வேறொருத்தியைத் தேடியும் போகவில்லை. ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை கிடைத்தது. தங்க வீடும் கொடுத்தார்கள். முதல் வருடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தார். அப்புறம் மாதம் ஒருமுறை. "இந்த வாரம் வர்றீங்களா?" என்று பேட்ரிசியா கேட்பாள். "பார்ப்போம்" என்பார். வர மாட்டார். ஒரு நாள் அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள், அவரும் வருவதை நிறுத்திக்கொண்டார். ஆறு வருடம் ஆகிவிட்டது. சண்டை போட்டுப் பிரிந்தவர்களுக்காவது ஊருக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும். பேட்ரிசியாவிடம் அதுவும் இல்லை. யாராவது கேட்டால் "அவருக்கு அங்க வேல" என்பாள்.

"உன் பட்டமளிப்புக்கும் அப்படித்தான் சொன்னாரு. ரெண்டு மணி நேரம் பக்கத்து சீட்டுல என் ஹேண்ட்பேக்க வெச்சுக்கிட்டு, ஆள் வருது, ஆள் வருதுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். நீ மேடையில இருந்த, உனக்குத் தெரியாது."

"தெரியும் மா."

"முதல் மேசையில மாப்பிள்ளையோட அப்பா அம்மா உக்காந்திருப்பாங்க. அவங்க பக்கத்துல ஒரு நாற்காலி காலியா கிடந்தா வந்தவங்க எல்லாம் அதைத்தான் பாப்பாங்க. இன்னொரு தடவ என்னால ஹேண்ட்பேக் வெக்க முடியாது சமந்தா."

அந்தப் பக்கம் யாரோ மருந்துச் சீட்டோடு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. "அப்புறம் பேசுறேன் மா" என்று சமந்தா வைத்துவிட்டாள்.

மறுபடியும் மின்விசிறிச் சத்தம்.

பேட்ரிசியா தூணையும் மேடையையும் வரைந்துகொண்டு, அடியில் இருந்த கஸ்தூரியின் படத்தை எடுத்துவிட்டு, ஒரு வட்டம் போட்டாள். பெண் வீட்டு மேசைகளுக்கு மஞ்சள், மாப்பிள்ளை பிராண்டன் வீட்டு மேசைகளுக்குப் பச்சை. ஒன்றை வரைந்து முப்பத்தேழு நகல் எடுத்து, தூணை இடிக்காமல் ஹாலுக்குள் பரப்பினாள். ஒவ்வொரு மேசைக்கும் உரிய பெயர்களைப் பின்பக்கங்களில் பட்டியலாக அடித்தாள். மணமக்களுக்கு மேடையில் தனி மேசை, அது ஹால்காரர்கள் பாடு.

முதல் மேசைக்கு மட்டும் நாற்காலிகளை வரைய வேண்டும். அங்கே உட்காருபவர்களுக்கு நாற்காலியில் ரிப்பன் கட்டிப் பெயர் வைப்பார்களாம். வேர்டில் இதயம் இருக்கிறது, மின்னல் இருக்கிறது, சிரிக்கிற முகம்கூட இருக்கிறது, நாற்காலி இல்லை. முதுகு வளைவும் இருக்கையுமாக ஒன்றை அவளே வரைந்து மஞ்சள் நிரப்பினாள். நன்றாகத்தான் வந்தது. யாரிடமாவது காட்டலாம் என்று நினைத்தாள். யாரிடம் காட்டுவது?

ஒவ்வொன்றாகப் பெயர் அடித்தாள். பிராண்டனின் அப்பா, அம்மா. அவனுடைய இரண்டு அத்தைகள், பெரியப்பா. தன் அண்ணன் கேப்ரியல், அண்ணி மிஷேல். பங்குத்தந்தை. சமந்தாவின் ஞானத்தாய். ஒன்பது.

பத்தாவதில் கில்பர்ட் என்று அடித்தாள். மகள் கேட்டதற்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பெயரை அவள் டைப் அடித்து எத்தனையோ காலமாகிவிட்டது. திரையில் அதைப் பார்க்கப் பார்க்க, பட்டமளிப்பு மண்டபத்துச் சீட்டும் அதன் மேல் இருந்த பழுப்பு ஹேண்ட்பேக்கும் கண்ணுக்கு முன் வந்தன.

அழிக்க ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அவள் விரல் அங்கே போகவில்லை. தட்டச்சு இயந்திர காலத்துக் கை அது. அந்தக் காலத்தில் அடித்ததை அழிக்க முடியாது, வெள்ளை மை பூசி மறைக்கத்தான் முடியும். அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும். வரைந்த நாற்காலிக்கு மேல் ஒரு கட்டம் இழுத்து, வெள்ளை நிரப்பி, ஓரக்கோட்டையும் எடுத்துவிட்டாள். முதல் மேசையில் ஒன்பது நாற்காலிகள் மட்டும் தெரிந்தன. தாளில் அச்சடித்தால் மாதா சத்தியமாக யாருக்கும் எதுவும் தெரியாது.

இரண்டு துண்டு ரொட்டியைக் காப்பியில் நனைத்து நின்றபடியே சாப்பிட்டாள். பன்னிரண்டரைக்குக் கோப்பைக் கஸ்தூரிக்கும் சமந்தாவுக்கும் அனுப்பிவிட்டுக் கொஞ்சம் படுத்தாள்.

இரண்டு மணிக்கு, சமந்தாவும் இருந்த கல்யாண வாட்ஸ்அப் குழுவில் கஸ்தூரியின் செய்தி வந்தது. கூடவே ஒரு படம்.

"ஆன்டி, பிளான் சூப்பர்! வாசல் டிவியில போடுவோம்ல, அதான் பூ கலருக்கு மேட்ச்சா பக்கத்துக்கு பீச் கலர் குடுத்தேன். ஆனா டேபிள் ஒண்ணுகிட்ட வெள்ளையா ஒண்ணு தெரியுதே, அது என்னா ஆன்டி? அஞ்சு மணிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணுங்க, ரிப்பனுக்கு பேரு குடுக்கணும்."

பேட்ரிசியா படத்தைப் பெரிதாக்கினாள். இளம் ஆரஞ்சு நிறப் பக்கத்தில், முதல் மேசைக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைக் கட்டம் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. முப்பத்தொரு வருட அனுபவம் பக்கத்தின் நிறத்தை மாற்றுவார்கள் என்பதை அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அவள் பதில் யோசிப்பதற்குள் சமந்தாவின் அழைப்பு வந்துவிட்டது. பின்னணியில் பஸ் உறுமுவதும் யாரோ இருமுவதும் கேட்டன.

"மா, பாலத்துல செம ஜாம். பஸ்ஸுல உக்காந்து உங்க ஃபைலத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அந்த வெள்ளைய இழுத்துப் பாத்தேன்."

பேட்ரிசியா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "அத ஏன் இழுத்த?"

"அடியில அப்பா இருக்காரு." மகளின் குரல் குழைந்தது. "நீங்களே வரைஞ்சு, பேரு அடிச்சு, அப்புறம் மறைச்சிருக்கீங்க. என்கிட்ட அவ்வளவு கோவமா பேசிட்டு..."

"கைத்தவறுதலா போட்டது. அழிச்சிடலாம்."

"அழிக்காதீங்க. மா, இன்னொண்ணு கேக்கணும்." பஸ் நகர்ந்து நின்றது. "நீங்க எங்க?"

"வீட்டுலதான்."

"அதில்ல. பிளான்ல நீங்க எங்க? அப்பா பேரப் பாத்ததும் பக்கத்துல உங்க பேரு இருக்கும்னு பாத்தேன். இல்ல. சரி, வேற மேசையில போட்டிருக்கீங்களோன்னு பேட்ரிசியான்னு அடிச்சுத் தேடினேன். மொத்த ஃபைல்லயும் ஒண்ணுகூட இல்லன்னு காட்டுது."

"இருக்கும், நல்லாப் பாரு."

"மூணு தடவ தேடிட்டேன் மா."

பேட்ரிசியா சாப்பாட்டு மேசைக்கு வந்து பட்டியலைத் திறந்தாள். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். பிராண்டனின் பெரியப்பா இருந்தார். எதிர்வீட்டு மலர் இருந்தாள். இருபது வருடத்துக்கு முன் ஆபீசில் காப்பி போட்டுக் கொடுத்த ஐயாசாமிகூட மனைவியோடு இருந்தார். அவள் இல்லை.

எப்படி என்று உடனே புரிந்துவிட்டது. கார்டு கொடுத்தவர்களின் பட்டியலைத்தான் அவள் வரைபடத்துக்கு எடுத்துக்கொண்டாள். தனக்குத்தானே யாரும் கார்டு கொடுத்துக்கொள்வதில்லை. கார்டு அடித்ததும் உறை ஒட்டியதும் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவள். முந்நூற்று எண்பது பேருக்கு இடம் போட்டதும் அவள்தான். அவளுக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்பது அவள் உட்பட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நான் எங்க உக்காரப் போறேன்? மேசை மேசையா போய் வந்தவங்கள கவனிக்கவே நேரம் சரியா இருக்கும். கடைசியில சமையல்காரங்களோட ஒரு வாய் சாப்பிட்டுக்குவேன்."

"அப்படிப் பேசாதீங்க மா." சமந்தா அழுதுவிட்டாள். அதுவும் பஸ்ஸில் நாற்பது பேருக்கு நடுவில். "என் கல்யாணத்துல நான் மேடையில இருந்து பாக்குறப்ப எனக்கு என் அம்மா உக்காந்திருக்கணும். சாப்பிடணும். யாராச்சும் உங்களுக்குப் பரிமாறணும்."

"சரி சரி, அழாத. போட்டுக்கிறேன்."

"முதல் மேசையிலதான்."

"அங்க பத்துதான் சமந்தா."

"எனக்குத் தெரியாது. ஏதாச்சும் பண்ணுங்க."

போனை வைத்த பிறகு பேட்ரிசியா வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு சுலபமானது. பத்தாவது நாற்காலி ஒன்று இருக்கிறது. கில்பர்ட் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை அடித்தால் முடிந்தது. மகளுக்கும் சமாதானம், காலி நாற்காலி பயமும் இல்லை. ஆனால் வராதவர் என்று அவளாக எப்படி முடிவு செய்வது? பெண்ணைப் பெற்றவர். வந்து நின்று, இடமில்லாமல் போனால்?

மணி மூன்றரை. ஆறு வருடமாகத் தொடாத எண்ணை அவள் அழைத்தாள். ஹாலில் கேட்கிறார்கள் என்பது ஒரு நல்ல சாக்கு. அது இல்லாவிட்டால் அன்றும் அழைத்திருக்க மாட்டாள்.

"ஹலோ."

"நான்தான்."

"தெரியுது. பேரு வருது." கில்பர்ட்டின் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. அங்கே தகரக் கூரையில் மழை விழும் சத்தம்.

"ஹால்ல அஞ்சு மணிக்குள்ள சொல்லணுமாம். வர்றீங்களா, இல்லையா?"

அவர் பேச்சை மாற்றினார். "கார்டு பாத்தேன். நல்லா இருக்கு. உறையில பேரு யாரு அடிச்சா?"

"ஃபார்ம் நான் போட்டது. சமந்தா பிரிண்ட் பண்ணியிருப்பா. ஏன்?"

"திரு கில்பர்ட், குடும்பத்தினர்னு போட்டிருக்கு."

பேட்ரிசியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லா உறைக்கும் பொதுவாக அவள் அமைத்து வைத்த படிவம் அது. பெயரைச் சேர்த்தால் பின்னால் 'குடும்பத்தினர்' தானாக ஒட்டிக்கொள்ளும். சமந்தா கடைசி வரியில் அப்பா பெயரைச் சேர்த்திருக்கிறாள், படிவம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

"எல்லாருக்கும் அப்படித்தான் வந்திருக்கு. வேணும்னு போடல."

"கோவமா கேக்கல பேட்ரி." அவர் சிரிக்க முயன்றார். "ரெண்டு வாரமா அந்த உறைய மேசையில வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். குடும்பத்தோட வரச் சொல்றாங்க, குடும்பத்துக்கு நான் எங்க போறதுன்னு."

மழைச் சத்தம் மட்டும் ரெங்கத்திலிருந்து ஸ்கூடாய்க்கு வந்துகொண்டிருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். பழக்கம்தான்.

"பிஸ்கட் இருந்துச்சு. நீ?"

"ரொட்டி."

இந்த மனிதர் அங்கே சந்தோஷமாக இருக்கிறார் என்றே ஆறு வருடமும் அவள் நினைத்திருந்தாள். அந்த நினைப்பில் கோபப்படுவது சுலபமாக இருந்தது. இப்போது அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"வரலைன்னா வரலைன்னு சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன். பார்ப்போம்னு மட்டும் சொல்லாதீங்க."

"யோசிச்சுச் சொல்றேன் பேட்ரி" என்றார்.

பழைய பார்ப்போம்தான், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தது. அவள் சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்து திரைக்கு முன் உட்கார்ந்தாள். முதலில் அந்த வெள்ளைக் கட்டத்தை அழித்தாள். இந்த முறை மறைக்கவில்லை, அழித்தாள். பிறகு ஒரு நாற்காலியை நகலெடுத்துப் பேட்ரிசியா என்று அடித்தாள். தன் பெயரை மஞ்சளில் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

வட்டத்தைச் சுற்றிப் பதினோராவது நாற்காலிக்கு இடமில்லை. எங்கே வைத்தாலும் யாராவது ஒருவரின் மேல் ஏறியது. அவள் மேசையின் மேல் வலது சொடுக்கு சொடுக்கி எடிட் பாயின்ட்ஸ் என்பதைத் திறந்தாள். வட்டத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் முளைத்தன. ஒரு புள்ளியைப் பிடித்து வெளியே இழுத்தாள். மேசை அந்தப் பக்கம் மட்டும் வயிறு தள்ளியது. அந்த வளைவில் கில்பர்ட்டையும் பேட்ரிசியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

கில்பர்ட் நாற்காலியைச் சொடுக்கி, காலையில் மகள் சொல்லித் தந்த நோ ஃபில்லை அமுக்கினாள். மஞ்சள் போயிற்று. ஓரக்கோடும் பெயரும் நின்றன.

நாலே காலுக்குக் கஸ்தூரி அழைத்தாள்.

"ஆன்டி, புதுசு வந்துச்சு. டேபிள் ஒண்ணு ரவுண்டா இல்லையே? அந்த மாதிரி மேசை எங்ககிட்ட இல்ல ஆன்டி."

"மேசை உங்களது ரவுண்டாவே இருக்கட்டும்மா. பதினோரு நாற்காலி போடணும், அவ்வளவுதான்."

"பத்துக்குத்தான் கணக்கு. சரி, பேபி சேர் போடுற மாதிரி நெருக்கிப் போடலாம். சூப்பர்வைசர் மகேஸ்வரன் அண்ணன்கிட்ட சொல்லிடறேன். அப்புறம் ஆன்டி, ஒரு நாற்காலிக்குக் கலர் போட மறந்துட்டீங்க."

"மறக்கல."

"அப்போ கில்பர்ட் அங்கிளுக்கு ரிப்பன் கட்டணுமா, வேணாமா?"

"அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல? சொல்றேன்."

நாலரை. நாலு நாற்பது. பேட்ரிசியா போனைத் திருப்பி வைத்தாள், நேராக வைத்தாள், மறுபடியும் திருப்பி வைத்தாள். கல்யாணமாகி முப்பது வருடமாகியும் ஒரு ஆளின் பதிலுக்கு இப்படிக் காத்திருப்பது கேவலம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். காத்திருக்கவும் செய்தாள்.

நாலு ஐம்பதுக்குப் போன் ஒரு முறை அதிர்ந்தது. கில்பர்ட்.

"என் சாம்பல் கலர் கோட் அங்கதானே இருக்கு? கேப்ரியல் வீட்டுக் கல்யாணத்துக்குத் தச்சது. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்."

அவள் இரண்டு தடவை படித்தாள். கண் நிறைந்துவிட்டது. வருகிறேன் என்று சொல்ல வராத மனிதர் கோட்டைக் கேட்கிறார். வேறென்ன வேண்டும்?

எழுந்து படுக்கையறைக்கு ஓடிப் பீரோவைத் திறந்தாள். திறந்த பிறகுதான் நினைவு வந்தது.

கடைசிக் கம்பியில் வெறும் ஹேங்கர் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தவக்காலத்தில், ஏழைகளுக்குத் துணி சேர்த்தபோது, இனி இந்த வீட்டில் யார் போடப் போகிறார்கள் என்று அவளே மடித்துப் பையில் வைத்துத் தேவாலயத்தில் கொடுத்துவிட்டு வந்தாள். கொடுத்த அன்று அழவில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது.

மணி நாலு ஐம்பத்தைந்து. போனைக் கையில் எடுத்தாள். இல்லை என்று எழுதினால் அந்த மனிதர் அதையே சாக்காக வைத்துக்கொண்டு வராமல் இருந்துவிடுவார். அவளுக்கு அவரைத் தெரியும்.

"இருக்கு. வாங்க" என்று அனுப்பினாள்.

பிறகு மடிக்கணினிக்குப் போய் அந்த வெற்று நாற்காலியில் மஞ்சளை நிரப்பி, கோப்பைக் கஸ்தூரிக்கு அனுப்பினாள். "ரிப்பன் கட்டுங்க" என்று ஒரு வரியும் சேர்த்தாள்.

வாசலில் கேட் திறந்தது. கையில் கடையில் தாப்பாவ் கட்டி வாங்கிய சாப்பாட்டுப் பொட்டலங்களோடு சமந்தா உள்ளே வந்தாள். மேசையில் திறந்திருந்த திரையை முதலில் பார்த்தாள். வயிறு தள்ளிய மேசையையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு மஞ்சள் நாற்காலிகளையும் பார்த்துவிட்டுப் பொட்டலங்களை அப்படியே கீழே வைத்தாள்.

"மா! அப்பா வர்றாராம், எனக்கும் மெசேஜ் போட்டிருக்காரு! கோட்டைக் கேட்டாராமே? எடுங்க மா, நான் நாளைக்கே லாண்டரியில குடுத்துடறேன்."

அவள் படுக்கையறையை நோக்கி நடந்துகொண்டே பேசினாள். பேட்ரிசியா அதற்குள் முந்திக்கொண்டு உள்ளே போய், பீரோக் கதவைச் சாத்தி, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"முதல்ல சாப்பிடுவோம்" என்றாள். "காலையில இருந்து ரொட்டிதான்."

அந்தக் கோட் இப்போது யார் தோளில் இருக்கிறதோ, ஆண்டவருக்கே வெளிச்சம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.